செருப்பை வெளியே விடவும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் நடந்தது இது. இடம், காரைக்காலில் கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். அந்த நாளை நினைத்தால் நிஜமாக நடந்த மாதிரியே எனக்குத் தோன்றுவதில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தபோது வந்துபோன ஏதோ ஒன்று போலத்தான் இருக்கிறது. வெயிலில் எல்லாமே லேசாக நெளிந்துகொண்டிருந்தது. ரோட்டுக்கு எதிரில் நின்ற தென்னை மரங்கள்கூடத் தண்ணீருக்குள் நிற்பவை மாதிரி ஆடின.

நான் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். கோவில்பத்தில் வீடு. காப்பீட்டு அட்டை சம்பந்தமான படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அந்த அட்டையில் ஆபரேஷன் உண்டு, படுக்கை உண்டு, மருந்து உண்டு. செருப்பு மட்டும் கிடையாது. சர்க்கரை வியாதியில் கால் மரத்துப்போனவர்கள் போட வேண்டிய செருப்பைச் சொல்கிறேன். எம்.சி.ஆர். செருப்பு என்பார்கள், உள்ளே மெத்தென்ற ரப்பர், பின்னால் வார். விரல் அழுகி எடுக்க வேண்டுமென்றால் அட்டையைக் காட்டினால் போதும். விரல் அழுகாமல் காப்பாற்றுகிற செருப்பைக் கேட்டு வந்தவர்களை, "பட்டியல்ல இல்லீங்க" என்று நானே எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்த வருடம்தான் செருப்பையும் சேர்த்து ஆணை வந்தது. ஆனால் ஒரே ஒரு நாள் முகாம். அன்றைக்குக் கால் பரிசோதனை முடிந்து, அளவு எடுத்து, படிவம் மேலே போனால் செருப்பு உண்டு. விட்டால் அடுத்த முகாம் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

முகாம் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு ஒரு குணம், எதைச் செய்தாலும் சுத்தபத்தமாகச் செய்ய வேண்டும். என் வீட்டுக்காரர், "இவளுக்குத் தூசிதான் சக்களத்தி" என்று கேலி செய்வார். அரசாங்க முகாம்தானே என்று விட மனசு வரவில்லை. வீட்டிலிருந்து குத்துவிளக்கைப் புளிபோட்டுத் தேய்த்து எடுத்துப்போனேன். வாசலில் கோலம் போட்டேன். அதிகாரி வந்து விளக்கேற்றித் தொடங்கி வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். விளக்கு எரிகிற இடத்துக்குச் செருப்போடு போவார்களா? நாங்கள் யாரும் போக மாட்டோம். வரிசைக்கு வந்தவர்களும் சொல்லாமலே படியில் கழற்றிவிட்டார்கள். முஸ்லிம் வீடுகளிலிருந்து வந்தவர்களுக்கும் அது பழகினதுதான்.

கொஞ்ச நேரத்தில் படி முழுக்கச் செருப்பு குவிந்துவிட்டது. ஒரு பெரியவர் தடுக்கி விழப் பார்த்தார். அப்போதுதான் நான் அந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்தேன். 'செருப்பை வெளியே விடவும்' என்று ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, படியில் வைக்காமல், வெளி கேட்டிலேயே கொண்டுபோய் மாட்டினேன். கேட்டுக்கும் படிக்கும் நடுவே சிமெண்டுத் தளம். காலையில் அங்கே மண்டபத்தின் நிழல் விழுந்திருந்தது. பந்தல்காரர் படியை ஒட்டி மட்டும்தான் துணி கட்டியிருந்தார். நிழல் நகரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் உள்ளே மின்விசிறிக்கு அடியில் அல்லவா உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே இருந்த காட்சியையும் சொல்ல வேண்டும். முந்தின நாள் அங்கே ஒரு கல்யாணம் நடந்திருந்தது. காகிதப் பூக்களும் ஜிகினாச் சரங்களும் இன்னும் தொங்கின. எங்கிருந்தோ பன்னீர் வாசனை வந்துகொண்டே இருந்தது. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் அப்படியே கிடந்தன. வேறு நாற்காலி உயரமாக இல்லாததால், நோயாளிகளை ஒவ்வொருவராக அந்த மாப்பிள்ளை நாற்காலியில் உட்காரவைத்து, கால் பார்க்க வந்த டாக்டரம்மா கீழே ஸ்டூலில் உட்கார்ந்து, மெட்டி போடுவதற்குப் பிடிப்பது போலக் காலைப் பிடித்துப் பார்த்தார். மேலே மின்விசிறிக் காற்றில் ஜிகினா மின்னும். நாற்காலியில் இருந்தவர் கண்ணை மூடியிருப்பார். பார்க்கப் பார்க்க எனக்குத் தூக்கம் மாதிரியும் இருந்தது, விழிப்பு மாதிரியும் இருந்தது.

பதினோரு மணிக்குமேல் வெளியே சலசலப்பு. எட்டிப் பார்த்தேன். நிழல் போய்விட்டிருந்தது. வரிசையில் இருந்தவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, சுவரோரமாக ஒண்டிக்கொண்டு, "லைனை விடுங்கம்மா சீக்கிரம்" என்று சத்தம் போட்டார்கள். நடுவில் ஒரே ஒரு பெண்மணி மட்டும் ஒன்றும் பேசாமல், இடத்தைவிட்டு அசையாமல், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். வெயில் அவருக்குப் பட்டதாகவே தெரியவில்லை. எங்கேயோ தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த அக்காவப் பாருங்க, எவ்வளவு பொறுமையா நிக்கிறாங்க! உங்களுக்கு மட்டும் என்னவாம்?" என்று எல்லாரையும் அதட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் அந்த அக்கா என் மேசைக்கு வந்தார். கருக்களாச்சேரியில் வீடு, மீன் விற்கிற வேலை. படிவத்தில், கால் மரத்தது எப்போதிலிருந்து என்று ஒரு கேள்வி உண்டு. மற்றவர்கள் இரண்டு வருடம், மூன்று வருடம் என்பார்கள். இவர் கொஞ்சம் யோசித்தார்.

"கடல் ஓரத்துல நின்னா, அலை திரும்பிப் போறப்ப காலுக்கடியில மண்ணு கரையும் பாருங்க மேடம். எனக்கு எந்நேரமும் அப்படித்தான் இருக்கு. வீட்ல நின்னாலும் சரி, ஷேர் ஆட்டோவுல உக்காந்தாலும் சரி. இப்பக்கூட அப்படித்தான்."

கேட்கும்போதே என் காலுக்கடியில் தரை ஒரு நொடி நழுவின மாதிரி இருந்தது. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? உத்தேசமாக நான்கு வருடம் என்று நானே எழுதிவிட்டு ஆதார் நகலைக் கேட்டேன். இல்லை. ஒரிஜினல் மட்டும்தான் இருந்தது.

"எதிர்ல ஜெராக்ஸ் கடை இருக்கு, போய் எடுத்துட்டு வாங்க."

"எடுத்துக்கிட்டு நேரா உள்ள வந்துரட்டுங்களா மேடம்?"

அந்த நேரத்தில் வெளியே இன்னும் சத்தம். எனக்குத் தலையை வலித்தது. பொறுமை போய்விட்டது. "அதெப்படி? எல்லாருக்கும் ஒரே லைன்தான், கடைசில போய் நில்லுங்க. கெளம்புறப்பவே எடுத்து வச்சுக்கத் தெரியாது, ஓசின்னா மட்டும் ஓடி வந்துர்றது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். அந்த அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். ஆதாரைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கேட்டில் தன் ரப்பர் செருப்பை மாட்டி, கடைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி அதே கேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையின் கடைசியில் நின்றாராம். உச்சி வெயில். இதெல்லாம் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதுதான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுபடி அவர் உள்ளே வந்தபோது படிவம் சரியாக இருந்தது. மேடைக்கு அனுப்பினேன். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மா கையில் பேனா மாதிரி ஒன்று. அதன் முனையில் மெல்லிய நைலான் இழை. உள்ளங்காலில் அதை வைத்து அழுத்துவார், தெரிந்தால் சொல்ல வேண்டும்.

"இது தங்கூஸ் நரம்புல்ல! எங்க வீட்டுக்காரரு மீன் புடிக்கிறதுங்க" என்று சொல்லிக்கொண்டே காலைத் தூக்கிக் காட்டினார்.

டாக்டரம்மா இழையை வைக்கவே இல்லை. ஒரு காலைப் பார்த்தார். இன்னொரு காலைப் பார்த்தார். பிறகு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். நான் மேடை ஏறிப்போய்ப் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலிலும் தோல் வெளுத்து, பெரிய பெரிய கொப்புளமாக எழும்பியிருந்தது. இடது சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் உடைந்து தோல் கழன்று தொங்கியது. கால் பட்ட இடத்தில் சிவப்பு வெல்வெட்டில் ஈரம் படிந்திருந்தது.

"எங்கம்மா நடந்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எங்கயும் நடக்கலீங்களே. இங்க லைன்லதான் நின்னேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அசையாமல் நின்றாரே, பொறுமை என்று மெச்சினேனே, அது பொறுமை இல்லை. கீழே அடுப்பு மாதிரி எரிந்தது அவருக்குத் தெரியவே இல்லை. சூடு தெரிந்தவர்கள் துள்ளினார்கள், அவர்களை நான் திட்டினேன். காலில் உணர்ச்சியில்லாதவர்களுக்குச் செருப்பு கொடுப்பதற்காக, அவர்கள் போட்டிருந்த செருப்பைக் கழற்றி வெயிலில் நிற்கவைத்திருக்கிறேன். இதைவிட ஒரு முட்டாள்தனம் உண்டா?

வரிசையில் இருந்த எல்லார் காலையும் பார்க்கச் சொல்லிவிட்டு ஓடினேன். கேட்டிலிருந்த அட்டையைக் கிழித்தேன். உள்ளே வந்து ஒரு பூவால் விளக்கை மலையேற்றினேன். "எல்லாரும் செருப்பைப் போட்டுக்கிட்டு உள்ள வாங்க" என்று கத்தினேன். ஒருவரும் வரவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசற்படியில் தயங்கித் தயங்கி நின்றார்கள். விளக்கு அணைந்தாலும் அது விளக்கு எரிந்த இடம்தானே. கடைசியில் ஒரு வயதான பாய்தான், "அந்தம்மா சொல்றாங்கல்ல, போட்டுக்கிட்டு வாங்கங்குறேன்" என்று தன் செருப்பை மாட்டிக்கொண்டு டப் டப்பென்று முதலில் உள்ளே நடந்தார். அவர் பின்னால்தான் மற்றவர்கள் வந்தார்கள். நல்லவேளை, அவர்களுக்கெல்லாம் லேசான சிவப்போடு போயிற்று. இரண்டு முறை நின்றது அந்த அக்கா ஒருவர்தான்.

டாக்டரம்மா நல்ல தண்ணீரை ஊற்றிக் காலைக் குளிரவைத்து, சுத்தமான துணியைச் சுற்றிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். ஆட்டோ வர நேரமாகும் என்றார்கள். என் ஸ்கூட்டியிலேயே ஏற்றிக்கொண்டேன். ரோட்டில் ஆளே இல்லை. வயலெல்லாம் அறுப்பு முடிந்து வெறிச்சென்று கிடந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஒரு வளைவில் விழித்துக்கொண்டு, "காத்து நல்லா இருக்குல்ல மேடம்" என்றார். நான் ஹெல்மெட் கண்ணாடிக்குள் அழுதுகொண்டு ஓட்டினேன்.

முகாமுக்குத் திரும்பி வந்தபோது இன்னொரு இடி காத்திருந்தது. படிவத்தில் 'தற்போது காலில் புண் உள்ளதா' என்று ஒரு கட்டம். ஆம் என்றால் அளவு எடுக்க முடியாது, விண்ணப்பம் ரத்து. டாக்டரம்மா ஆம் என்றுதான் குறிக்க வேண்டும், வேறு வழியில்லை. என்னால் வந்த புண், அதே புண்ணால் செருப்பும் இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது: அளவு எடுக்க முடியாமல் போனது அலுவலகத்தின் தவறால்தான் என்று பொறுப்பாளர் எழுதிக்கொடுத்தால் விண்ணப்பத்தை ரத்து செய்யாமல் நிறுத்திவைக்கலாம். பொறுப்பாளர் நான்தான்.

அதிகாரியிடம் போனில் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. "ஏன்ம்மா வம்ப வெலைக்கு வாங்குறீங்க? நடந்து வந்தப்ப ஏற்பட்ட புண்ணுன்னு எழுதிடுங்க. பிரமோஷன் வர்ற நேரம்" என்றார். மறைக்காமல் சொல்கிறேன், நான் அப்படித்தான் எழுதினேன். எழுதி, கையெழுத்தும் போட்டேன். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்த அக்கா, "செருப்பு வந்துரும்ல மேடம்?" என்று கேட்டார். நான் தலையணையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் காலை அந்தத் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு, கேட்டில் அறிவிப்பு மாட்டியது நான், வெயிலில் இரண்டாம் முறை நிற்கவைத்தது நான் என்று ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினேன். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பிரமோஷன் தள்ளிப்போனது. விண்ணப்பம் உயிரோடு இருந்தது.

கால் அவ்வளவு சுலபத்தில் ஆறவில்லை. இடது சுண்டுவிரல் கறுத்துக்கொண்டு வந்தது. எடுக்க வேண்டியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அட்டையில் அனுமதி கேட்டால் அன்றைக்கே கிடைத்துவிடும் என்பது என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? அதை நினைத்தால்தான் பயமாக இருந்தது. அந்த நாட்களில் வேலை முடிந்ததும் என் ஸ்கூட்டி தானாகக் கருக்களாச்சேரிக்குத் திரும்பிவிடும். அக்கா வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்திருப்பார். தண்ணீர் படக்கூடாது. அத்தனை பக்கத்தில் கடலை வைத்துக்கொண்டு அதில் கால் வைக்காமல் இருந்தார். நானும் பக்கத்தில் உட்காருவேன். மங்கிய வெளிச்சத்தில் படகுகள் தண்ணீரில் நிற்கின்றனவா வானத்தில் நிற்கின்றனவா என்று தெரியாது. உப்புக் காற்றில் இமை கனக்கும். சில நாள் இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிடுவோம். விழிக்கும்போது, கட்டுப்போட்ட அந்தக் கால்கள்தான் முதலில் என் கண்ணில் படும்.

ஆடி பிறந்த பிறகு ஒரு நாள், விரல் பிழைத்துவிட்டது என்றார்கள். அளவு எடுக்க ஆள் வந்தார். ஆவணி கடைசியில் செருப்பு வந்து சேர்ந்தது. நானே எடுத்துக்கொண்டு போனேன். கறுப்பாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக, அழகே இல்லாத செருப்பு. அக்கா அதைப் பிரித்துப் பார்த்து, ரப்பரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "மெத்தை மாதிரியில்ல இருக்கு" என்றார். குனிந்து நானே மாட்டிவிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று கூசினார். மாட்டிவிட்டு வாரை ஒட்டும்போது எனக்குத் தாங்கவில்லை. "என்னாலதான்க்கா எல்லாம். எவ்வளவு துடிக்க வச்சுட்டேன் உங்கள" என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அக்கா என் தலையில் கைவைத்தார். வழக்கம்போலச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அதுக்கு ஏன் மேடம் அழுவுறீங்க? அன்னிக்குக் கால் சுட்டது எனக்குத் தெரியவே இல்ல. அத்தனை பேரு முன்னாடி ஓசின்னு ஒரு வார்த்தை சொன்னீங்க பாருங்க, அதான் வலிச்சுது. நான் யாருகிட்டயும் ஓசியா வாங்குனதில்ல மேடம்."

கோபமே இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து, புதுச் செருப்போடு உள்ளே போய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தார். அந்த நான்கு மாதமும் அவர் காலைப் பற்றித்தான் நான் கவலைப்பட்டேன். அந்த வார்த்தையைச் சொன்னது எனக்கு நினைவில்கூட இல்லை.

இப்போதும் அதே மேசையில்தான் இருக்கிறேன். யாராவது நகல் இல்லாமல் வந்தால், அவர்களை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டு நானே எழுந்து ஜெராக்ஸ் கடைக்குப் போய்வருகிறேன். ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. அந்த ஐந்து நிமிடத்தை அன்றைக்கு அந்த அக்காவுக்குக் கொடுத்திருக்கலாமே என்பது மட்டும் எனக்குள் இன்னும் ஆறவில்லை.